பெயர் வெட்டிய தாள்கள்

ஜவ்வாது மலை
10.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் காவ்யா வணக்கத்துடன் எழுதுவது. கொசுவுக்கும் குளிருக்கும் நடுவில் நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் எப்படி? அம்மாவின் முட்டிவலி தேவலையா? அண்ணன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறாரா, இல்லை போனை நோண்டிக்கொண்டே கிடக்கிறாரா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். இங்கே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அதுவும் 'ஹலோ' சொல்வதற்குள் போய்விடும். தபால்காரர் மட்டும் ஒழுங்காக பஸ்ஸில் வருகிறார்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். இந்த சுகாதார நிலையத்தில் புத்தம் புது ஈசிஜி மெஷின் ஒன்று இருக்கிறது. உறை பிரிக்காமல், ஊதுபத்தி காட்டாத குறையாக வைத்திருக்கிறார்கள். எடுக்க நர்ஸ் இருக்கிறார், படிக்க நான்தான் இருக்கிறேன். அங்கேதான் சங்கடம். காலேஜில் பேராசிரியர் ஈசிஜியைத் தூக்கிக் காட்டும்போது முன்வரிசைக்காரர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் யாரைப் பார்த்துத் தலையாட்டுவது?

நீங்கள் ஸ்கேன் சென்டரில் தினமும் எத்தனை பேருக்கு ஈசிஜி எடுக்கிறீர்கள்! பெயரை வெட்டிவிட்டுச் சிலவற்றை எனக்கு அனுப்புங்கள். நான் படித்துப் பதில் எழுதுகிறேன், நீங்கள் உங்கள் டாக்டர் எழுதியதோடு ஒத்துப் பார்த்துத் திருத்துங்கள். போட்டோ வேண்டாம். சின்னக் கட்டங்களை ஸ்கேல் வைத்து எண்ண வேண்டும், தாளில்தான் அது முடியும்.

அம்மாவுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துங்கள். உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு நாத்தனார்
காவ்யா


மண்ணூர்பேட்டை
28.6.2024

கண்ணு காவ்யாவுக்கு,

அண்ணி ஆசையுடன் எழுதியது. நாங்கள் நலம். நீ ஸ்வெட்டர் எடுத்துப் போகவில்லை என்று அத்தை தினமும் ஒரு தரம் புலம்புகிறார். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். உன் அண்ணன் தூங்குகிறார், போன் அவர் நெஞ்சின் மேல் தூங்குகிறது.

மூன்று அனுப்பியிருக்கிறேன். மெஷினில் வருகிற தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும், அதனால் ஜெராக்ஸ். முதல் இரண்டுக்கும் விடை என்னிடம் இருக்கிறது. மூன்றாவதற்கு டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. அவர் சாயங்காலம்தான் வருவார், அந்தப் பெண் அதற்குள் கிளம்பிவிட்டாள். நீ சொல்வதுதான் விடை.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. பேபியக்கா மகளுக்கு வளைகாப்பு. நானும் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். "நீ சென்டருக்குப் போம்மா, நா மட்டும் போய்க்கினு வந்துர்றேன். அங்க நாலு பேரு நாலு கேப்பாளுங்க" என்றார் அத்தை. அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் புடவையை மடித்து வைக்கும்போது அழுதுவிட்டேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறதே.

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது. "கெழவி ஆயிட்ட நீ" என்று உன் அண்ணன் கேலி செய்துவிட்டுக் கேனை வாங்கிக்கொள்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அண்ணி
பானு


ஜவ்வாது மலை
9.7.2024

அன்பு அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன், நலம்தானே அனைவரும்? பேபியக்கா வீட்டு விஷயத்தைப் படித்து எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. வந்ததும் சண்டை போடுகிறேன். நீங்கள் அழாதீர்கள்.

இனி டாக்டர் காவ்யா பேசுகிறாள். முதல் தாள் மாரடைப்பு, இதயத்தின் கீழ்ச்சுவர். இதுகூடத் தெரியாவிட்டால் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது என்னை ஓட ஓட விரட்டியது. முதல் லீட், அதாவது தாளின் முதல் வரி, முழுக்கத் தலைகீழ். இந்த ஆளுக்கு இதயமே வலப்பக்கமோ என்று பயந்து, இருக்கிற புத்தகத்தையெல்லாம் பரப்பிவிட்டேன். அப்புறம் பார்த்தால் நெஞ்சில் வைத்த லீடுகள் எல்லாம் ஒழுங்கு. வலக் கைக் கம்பியை இடக் கையிலும் இடக் கைக் கம்பியை வலக் கையிலும் மாட்டியிருக்கிறது! அண்ணி, இது நீங்கள் வேண்டுமென்றே வைத்த பொறி. உங்களுக்கு ரொம்பத்தான் குறும்பு.

மூன்றாவதுதான் என் பொக்கிஷம். துடிப்பு தொடங்கும் இடத்தில் வரும் சின்ன அலை ஒரு மேடாக இருக்க வேண்டும். இவளுக்கு அகலமாக, இரண்டு மேடாக இருக்கிறது. இதயம் வலப்பக்கமாகச் சாய்ந்து உழைக்கிறது. இடப்பக்க வால்வு சுருங்கியிருக்கிறது, அண்ணி. சின்ன வயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்திருக்கும், அது மூட்டைவிட்டு வால்வைப் பிடித்துக்கொண்டது. சரியா? நானே தனியாகக் கண்டுபிடித்த முதல் நோய் இது!

அவளைக் கண்டால் சொல்லுங்கள். எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். தொடை வழியாக பலூன் விட்டு வால்வைத் திறந்துவிடலாம், நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் காப்பீட்டிலேயே செய்வார்கள். அதற்கு முன்னால் பிள்ளை மட்டும் உண்டாகக் கூடாது. ரத்தம் கூடக் கூட, சுருங்கின வால்வு தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்களிடம் மறைக்கிற ரகமாக இருந்தால் என் சார்பில் இரண்டு அறை விடுங்கள்.

இன்னொன்று. அந்தத் தாளின் தொடக்கத்தில் ஒரே நடுக்கம். படுத்திருப்பவர்களை அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், கைகாரி நீங்கள், உங்கள் தாளிலா இப்படி?

அடுத்த கட்டு எப்போது?

முத்தங்களுடன்
காவ்யா


மண்ணூர்பேட்டை
16.8.2024

அன்புள்ள காவ்யாவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஆடி மாதம், கூழ் ஊற்றுவது, வீட்டுக்கு விருந்தாளி என்று நாள் ஓடிவிட்டது.

மூன்றும் நீ சொன்னது சரி. இரண்டாவது பொறிதான்.

அந்தப் பெண்ணிடம் நீ எழுதியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்தது உண்மைதானாம். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அப்படி ஒருத்தி ஏற்கெனவே உண்டாகிவிட்டால் என்ன செய்வார்கள்? கலைத்தே தீர வேண்டுமா? கலைக்காமல் காப்பாற்ற வழியே கிடையாதா? விவரமாக எழுது. சென்டரில் எல்லா மாதிரியும் வருகிறார்கள், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டாமா?

மழைக்கு முன் கம்பளி வாங்கிக்கொள்.

அண்ணி
பானு


ஜவ்வாது மலை
24.8.2024

அன்பு அண்ணிக்கு,

இங்கே எல்லாம் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குத் திருவிழா. ஆனால் இவ்வளவு சின்னக் கடிதமா? அண்ணனைப் பற்றி ஒரு வரி கிடையாது, அம்மாவின் திட்டு கிடையாது, கூழ் எப்படி இருந்தது என்பதுகூடக் கிடையாது. என்ன கோபம் என்மேல்?

சந்தேகத்துக்குப் பதில். கலைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. துடிப்பைக் குறைக்க மாத்திரை உண்டு. நான்கைந்து மாதத்தில் பலூன் வைத்தே பிள்ளையையும் தாயையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே இதய டாக்டரிடம் போயிருக்க வேண்டும். மறைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், ஒருநாள் மூச்சுத் திணறி வருவாள். என்னைப் போல மலைமேல் இருக்கும் டாக்டரிடம் வந்தால் பிழைக்க மாட்டாள். சுற்றி வளைக்காமல் இதைச் சொல்லுங்கள்.

அவள் மறுபடி வந்தால் அவசியம் ஒரு தாள் எடுத்து அனுப்புங்கள். முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்
காவ்யா


மண்ணூர்பேட்டை
3.10.2024

என் அன்புக் காவ்யாவுக்கு,

அண்ணி எழுதுவது. நலமா? மலையில் மழை கொட்டுகிறது என்று டிவியில் பார்த்துவிட்டு அத்தை சாப்பிடவே இல்லை.

ஒரு நல்ல சேதி. நீ அத்தை ஆகப்போகிறாய். மூன்று மாதம் முடிந்த பிறகுதான் வெளியே சொல்ல வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால்தான் உனக்குக்கூட எழுதவில்லை. உன் அண்ணனை இப்போது பார்க்க வேண்டும் நீ. வானகரம் மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய வஞ்சிரமாக வாங்கி வந்து, எனக்கு நாற்றம் குமட்டுகிறது என்றதும் அதை அப்படியே பேபியக்கா வீட்டில் கொடுத்துவிட்டார். அத்தை போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எம் மருமவ முழுகாம கீறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

வேலைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பெண் மறுபடி வந்தாள். தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீதான் ஆசையாகக் கேட்டாயே. முன்னைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்.

உன் அண்ணி
பானு


ஜவ்வாது மலை
9.10.2024

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை. உங்கள் நலம் என் மேஜை மேல்தான் விரித்துக் கிடக்கிறது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் முதல் லீடும் இரண்டாவது லீடும் ஆரம்பத்தில் நடுங்குகின்றன. மூன்றாவது லீட் சுத்தமாக இருக்கிறது. முதல் இரண்டுக்கும் பொது வலக் கைக் கம்பி, மூன்றாவதில் வலக் கையே கிடையாது. ஆகவே அசைந்தது வலக் கை மட்டும். இரண்டு தடவையும், அதே இடத்தில், அதே அளவு. அது நோயாளியின் நடுக்கம் இல்லை. படுத்துக்கொண்டே வலக் கையை நீட்டி, மெஷின் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிற ஒருத்தியின் அசைவு. அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

யார் அண்ணி பொத்தானை அழுத்தியது?

பதில் வேண்டாம். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, நீங்களே கம்பி மாட்டிக்கொண்டு, நீங்களே எடுத்து, உங்கள் பெயரை நீங்களே வெட்டி எனக்கு அனுப்பினீர்கள். நான் இங்கே உட்கார்ந்து 'என் பொக்கிஷம்' என்று குதித்தேன். இரண்டு அறை விடச் சொன்னேன். அதையெல்லாம் எந்த முகத்தோடு படித்தீர்கள்? பிழைக்க மாட்டாள் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை வயிற்றில் பிள்ளையோடு மடித்து வைத்துவிட்டுப் போய் அண்ணனுக்குச் சோறு போட்டீர்களா?

என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள். அதுகூடப் போகட்டும். அண்ணனை ஐந்து வருஷமாக ஏமாற்றியிருக்கிறீர்கள். மாடிப்படியில் அவர் கேனை வாங்கிக்கொண்டபோதாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது தாளில் துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல். நடுநடுவே முந்திக்கொண்டு வரும் துடிப்புகளும் இருக்கின்றன. இதயம் தாளம் தப்புவதற்கு முன் இப்படித்தான் இருக்கும். உடனே அண்ணனிடம் சொல்லுங்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன்.

காவ்யா


நூம்பல்
14.10.2024

அன்புள்ள காவ்யாவுக்கு,

திட்டு. நீ திட்டுவது எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. இத்தனை நாள் யாரும் திட்டாததுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், இங்கிருந்துதான் தனியாக எழுத முடிகிறது.

எனக்குப் பத்து வயதில் அந்தக் காய்ச்சல் வந்தது. பூந்தமல்லியில் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்ததும் எங்கள் வீட்டில் ஊசியை நிறுத்திவிட்டார்கள். என் அண்ணன் கஜபதி, "ஊசின்னு ஒரு வார்த்த வெளிய வந்துச்சி, அவ்ளோதான். சீக்காளின்னுட்டு எழுந்து பூடுவாங்க. வாய மூடிகினு இரு" என்றான். வாயை மூடிக்கொண்டேன். முதல் வருஷம் சொல்லியிருக்கலாம். அப்போது பிள்ளை இல்லை என்று பேச்சு வர ஆரம்பித்துவிட்டது, அதன் மேல் இதுவும் சேர்ந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். நீ பலூனைப் பற்றி எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த மாதமே நாள் தள்ளிப்போய்விட்டது.

உன்னை ஏன் ஏமாற்றினேன் என்று கேட்பாய். நான்தான் என்று தெரிந்தால் நீ அவருடைய தங்கையாகிவிடுவாய். தெரியாதவரை நீ எனக்கு டாக்டர். உண்மையைச் சொல்லும் டாக்டர் வேறு யாரும் எனக்கு இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொல்லாதே. இப்போது சொன்னால் பயத்தில் கலைக்கச் சொல்லுவார்கள். தீபாவளிக்கு நீ வருவாய் அல்லவா, அதற்குள் நான்கு மாதம் முடிந்திருக்கும். நாம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். டாக்டர் வழி சொன்னதும், அன்று இரவே அவரிடம் நானே சொல்கிறேன். என் வாயால் சொல்ல வேண்டும் காவ்யா. அதை மட்டும் எனக்கு விட்டுவிடு. எதிலும் நான் உனக்குக் கட்டுப்படுகிறேன்.

உன்னை நம்பி இருக்கும்
அண்ணி


ஜவ்வாது மலை
18.10.2024

அன்பு அண்ணிக்கு,

போன கடிதத்தில் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்வோம். யாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் வந்துவிடுவேன். நாம் இருவர் மட்டும் போவோம். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள்.

அதுவரை படி ஏறாதீர்கள். உப்பைக் குறையுங்கள். மல்லாந்து படுக்காமல் தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள். எதையும் நினைத்துக் கலங்காமல் நிம்மதியாகத் தூங்குங்கள்.

என்றும் உங்கள்
காவ்யா


மண்ணூர்பேட்டை
2.12.2024

மதிப்பிற்குரிய டாக்டர் காவ்யா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுந்து உட்கார்ந்து எழுத இப்போதுதான் அனுமதி கிடைத்தது.

வால்வைத் திறந்துவிட்டார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது, அசைவு தெரிகிறது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று பெரிய டாக்டர் உங்கள் அண்ணனிடம் சொன்னாராம். தக்க நேரத்தில் கண்டுபிடித்த அந்த டாக்டர் யார் என்று கேட்டாராம். தங்கை என்று இவர் சொல்லியிருக்கிறார். வார்டு முழுக்க உங்களைத்தான் புகழ்ந்தார்கள்.

நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. நிம்மதியாகத் தூங்கச் சொல்லியிருந்தீர்கள், தூங்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித் தூங்கியதே இல்லை. தீபாவளி அன்று அவரிடம் எப்படி ஆரம்பிப்பது, எங்கே உட்கார்ந்து சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு எழுதியதை நீங்கள் கம்பெனி விலாசத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். புதன்கிழமை ஷிப்ட் பாதியில் வந்தார். கையில் கடிதம். என் கடிதத்தையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே தேதி. எனக்குச் சொல்ல மாட்டேன் என்று எழுதிய அதே பேனாவால் அவருக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள்.

"அஞ்சு வருசம் என் பக்கத்துல பட்த்துகினு இருந்தியே. எந் தங்கச்சி லெட்டர் போட்டுத்தான் எம் பொண்டாட்டி ஒடம்பு எனக்குத் தெரியணுமா?" என்று கேட்டார். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்க்கவில்லை.

அத்தை என்ன சொல்வாரோ என்றுதான் இத்தனை வருஷமும் பயந்தேன். அவர் சீப்போடு வந்து என் பின்னால் உட்கார்ந்தார். "சீக்குன்னா வைத்தியம் பாத்துக்கினா போவுது. இத்த இன்னாத்துக்குடி மூடி மூடி வெச்ச, பைத்தியமே" என்று சொல்லி எனக்குத் தலை வாரிவிட்டார். அவ்வளவுதான். நான் வாய் திறந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். உங்கள் அண்ணனும் நாலு நாள் கத்திவிட்டு அப்புறம் என் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பார். இப்போது கத்துவதே இல்லை. என்னைக் கண்ணாடிச் சாமான் போலப் பார்த்துக்கொள்கிறார், ஆனால் என்னிடம் பேசுவதில்லை. "மாத்தர சாப்ட்டாளா?" என்று அத்தையிடம்தான் கேட்கிறார், நான் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும்.

நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. நான் உங்களை ஏமாற்றினேன், நீங்கள் கோபப்பட்டு எழுதினீர்கள், அது நியாயம். 'நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன்' என்ற அந்தக் கடிதத்தோடு நிறுத்தியிருந்தால், அல்லது 'சொல்லிவிட்டேன்' என்று ஒரு வரி எனக்கும் போட்டிருந்தால், அவர் வருவதற்குள் நானே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். கம்பெனி வாசலில் நின்றாவது சொல்லியிருப்பேன். நான் பயந்து எதையாவது செய்துகொள்வேன் என்று நினைத்துத்தான் அப்படி எழுதினீர்கள் என்று அத்தை சமாதானம் சொல்கிறார். இருக்கலாம். ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கட்டிலருகே வந்து வெகு நேரம் நின்றபோது நான் தூங்கவில்லை. கண்ணைத்தான் மூடியிருந்தேன்.

பிறந்தால் பெயர் வைக்க உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுக்கவில்லை. உங்களால்தான் பிழைத்தேன், அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும், சொல்லிவிட்டேன். உங்களைத் திட்டுவதற்கு இந்த வீட்டில் எனக்கு ஒரு துணையும் இல்லை. முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் அதை உங்களுக்குத்தான் எழுதியிருப்பேன்.

பனிக்காலம் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
வெ. பானுப்பிரியா